தவளைக்கு வைத்த வெள்ளைப் புள்ளி

தவளை மேட்டில் ஏற மறுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

தவளை என்பது ஒரு கார். வெளிர் பச்சை நிறம். முன்னால் பிதுங்கிய கண்கள் மாதிரி இரண்டு உருண்டை விளக்குகள். அம்மாவைவிட அதற்கு ஆறு வயது அதிகம். அந்த மாதிரிக் கார்களை இப்போது யாரும் செய்வதில்லை. அம்மாதான் ஆசைப்பட்டு வாங்கினாள். அப்பாவுக்கு அதைக் கண்டால் கொஞ்சம் பயம். ஏறி உட்கார்ந்ததும் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

"அதை விடுங்க, கையோட கழண்டு வந்துடும்" என்பாள் அம்மா.

"கழண்டு வந்துடக் கூடாதேன்னுதான் பிடிச்சிருக்கேன்" என்பார் அப்பா.

அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் தவளைக்கு மூச்சு வாங்கியது. அம்மா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வேகம் கூடவில்லை. பதிலுக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம்.

கடகடகட. கடகடகட.

"என்னடி இது?" அப்பா கைப்பிடியை இன்னும் இறுக்கினார்.

"தெரியலையே. நேத்துதானே சர்வீஸ் முடிஞ்சு வந்துது!"

ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டி மேலே போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, ஐயோ பாவம் என்று தலையசைத்தார்.

பின் சீட்டில் இருந்த சில்வண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள். "அம்மா, தவளை இருமுது. சளி பிடிச்சிருக்கா? மருந்து ஏதாவது ஊத்தணுமா? அந்த சைக்கிள்காரரைக் கொஞ்சம் தள்ளச் சொல்லலாமா?"

சில்வண்டுக்கு வயது பத்து. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் சில்வண்டுதான். காலையில் கண் விழித்தால் இரவு கண் மூடும்வரை அவள் வாய் ஓயாது.

எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். மாடி வீட்டு மாமா பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எது நடந்தாலும் முதலில் பார்ப்பவர் அவர். என்ன நடந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்பவரும் அவர்தான்.

"என்னம்மா, வண்டி ரயில் மாதிரி சத்தம் போடுது?" என்று மேலிருந்து கேட்டார்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குது மாமா."

"தெருமுனைப் பொண்ணுகிட்டதானே கொடுத்தே? நான் அன்னிக்கே சொன்னேன். கடை திறந்து நாலு மாசம்கூட ஆகலை. பழைய வண்டியெல்லாம் கை பழகினவங்ககிட்டதான் கொடுக்கணும்."

மாமா பேசியதில் செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் அப்பாவின் தலையில் விழுந்தது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் சில்வண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏனென்றால் அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது.

அது நல்ல ரகசியம். குறைந்தபட்சம் நேற்றுவரை நல்லதாகத்தான் இருந்தது.

தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவள் மெக்கானிக் அக்கா. முன்பு பேருந்து டிப்போவில் வேலை பார்த்தவள். சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கடையின் பெயர்ப் பலகையை அவளே எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது மட்டும் சின்னதாக நெருக்கிக்கொண்டு நிற்கும். பள்ளி விட்டு வரும்போது சில்வண்டு தினமும் அங்கே பத்து நிமிடம் நிற்பாள். அக்காவும் அவளைப் போகச் சொன்னதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ரொட்டிக்கடை வேனுக்கு அக்கா டைமிங் பார்த்தாள். அது ஒரு வேடிக்கையான வேலை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முன்பக்கத்தில் சுற்றுகிற சின்ன இரும்புச் சக்கரத்தில் ஒரு விளக்கைக் காட்டினாள். விளக்கு பளிச் பளிச் என்று வெட்டியது. உடனே சக்கரம் சுற்றாமல் நிற்பது போலத் தெரிந்தது! சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. பக்கத்தில், சுற்றாமல் அப்படியே நிற்கிற ஓர் இரும்பு முள். கோடு முள்ளுக்கு நேராக நிற்க வேண்டுமாம்.

"அழுக்கு மூடிக் கிடக்கு. கோடு எங்கே இருக்குன்னு தேடித் தேடியே கண்ணு போயிடும் போலிருக்கு" என்று அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இது மேல வெள்ளையா ஒரு புள்ளி வச்சு விட்டா எவ்வளவு சுகம்!"

அது சில்வண்டின் மனதில் பதிந்துவிட்டது. தவளை சர்வீசுக்குப் போவதற்கு முந்தின நாள், வீட்டில் யாரும் பார்க்காதபோது பானெட்டைத் திறந்தாள். பழைய பல் துலக்கும் பிரஷால் சக்கரத்தைத் தேய்த்தாள். ஓரத்தில் ஒரு பள்ளம் கிடைத்தது. அதில் அப்பாவின் மேஜையிலிருந்த வெள்ளைத் திருத்தும் மையால் ஒரு புள்ளி வைத்தாள். அழகான, உருண்டையான புள்ளி.

சனிக்கிழமை அக்கா விளக்கைக் காட்டியபோது சில்வண்டு பக்கத்திலேயே நின்றாள். வெள்ளைப் புள்ளி நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"அட! யாரோ விவரமான ஆளு. எவ்வளவு அக்கறையா அடையாளம் வச்சிருக்காங்க பாரு!" என்றாள் அக்கா.

சில்வண்டுக்கு அப்போதே 'நான்தான்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் அடக்கிய மிட்டாய் மாதிரி அந்த ரகசியத்தைக் கொஞ்ச நேரம் சுவைத்துக்கொண்டிருக்க ஆசை. பிறகு ஒருநாள் சொல்லி அக்காவை அசத்திவிடலாம்.

திங்கட்கிழமை மாலை அம்மா தவளையை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். சில்வண்டும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"எப்பெப்ப சத்தம் வருது?" என்று அக்கா கேட்டாள்.

"எப்பவும்தான் வருது!" என்றாள் அம்மா.

"எப்பவும் வரலை அம்மா" என்றாள் சில்வண்டு. "சும்மா நிக்கும்போது வரலை. பள்ளத்துல இறங்கும்போதும் வரலை. மேட்டுல ஏறும்போது நீ நல்லா மிதிக்கிறே பாரு, அப்பதான் கடகடன்னு வருது. மெதுவா மிதிச்சா நின்னு போயிடுது. ஆனா அப்ப வண்டியும் நின்னு போயிடுது."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கேட்ட மாதிரி டிப்போவுல பாதிப் பேர் கேக்க மாட்டாங்க. வா, ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம்."

மூன்று பேரும் ஏற்றத்துக்குப் போனார்கள். அக்கா ஓட்டினாள். சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, ரோட்டைப் பாருங்க!" என்று சில்வண்டு அலறினாள்.

"ஒரு செகண்டு மூடினேன்டி. கண்ணு மூடினாதான் காது திறக்கும்." அக்கா திரும்பி வந்து வண்டியை நிறுத்தினாள். "அடியில ஏதாவது தேஞ்சிருந்தா நிக்கும்போதும் தட்டும். இது பாரம் ஏறினா மட்டும்தான் தட்டுது. நெருப்பு சம்பந்தப்பட்ட கோளாறு. பெட்ரோல் சரியில்லாம இருக்கலாம். பிளக் சரியில்லாம இருக்கலாம். ஒண்ணொண்ணா பாத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை தொட்டியிலிருந்த பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, வேறு இடத்திலிருந்து வாங்கி ஊற்றினாள். சத்தம் போகவில்லை.

புதன்கிழமை நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினாள். சத்தம் போகவில்லை.

வியாழக்கிழமை, பெட்ரோலோடு காற்றைக் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றி ஒவ்வொரு துளையாக ஊதிச் சுத்தம் செய்தாள். சத்தம் போகவில்லை. கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இன்ஜின் சூடாக இருக்கும்போது சாவியைத் திருப்பினால் தவளை மாடு மாதிரி ஓர் உதை உதைத்தது.

அன்று மாலை அம்மா பொறுமை இழந்தாள்.

"சர்வீசுக்கு முன்னாடி இந்தச் சத்தமே இல்லை. காலைல ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் அடம் பிடிக்கும், அவ்வளவுதான். உன்னை நம்பித்தானே கொடுத்தேன்?"

அம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"ஞாயமான கேள்விதான்" என்றாள் தரையைப் பார்த்தபடி.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது ஒர்க்‌ஷாப் வெறிச்சோடிக் கிடந்தது. வாரா வாரம் வெள்ளியன்று வந்து நிற்கிற ரொட்டிக்கடை வேனைக் காணோம். அக்கா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வேன் எங்கே அக்கா?"

"வேற இடத்துக்குப் போயிடுச்சு. உங்க மாடி வீட்டு மாமா ஏதோ சொன்னாராம். நல்ல வண்டியைக் கெடுத்துட்டேன்னு." அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அவர் சொல்றதும் சரிதானே? நல்லாத்தானே இருந்துது."

சில்வண்டு தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நெருப்பு கோளாறுன்னா என்ன?"

யாரிடமாவது பேசினால் தேவலை என்று அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும்.

"நீ ஊஞ்சல்ல யாரையாவது ஆட்டி விட்டிருக்கியா?"

"ஓ! தினமும்."

"எப்ப தள்ளுவே?"

"பின்னாடி வந்து, நின்னு, திரும்பும்போது."

"அதுவே ஊஞ்சல் உன்னைப் பாத்து வேகமா வந்துக்கிட்டிருக்கும்போதே தள்ளினா?"

"கை வலிக்கும். ஊஞ்சலும் ஒழுங்கா போகாது."

"அதேதான். இன்ஜினுக்குள்ள பிஸ்டன்னு ஒண்ணு மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கும். அது உச்சிக்கு வந்து திரும்பும்போது நெருப்பு அதைக் கீழே தள்ளணும். நெருப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துட்டா, ஏறி வர்ற பிஸ்டனை மண்டையில அடிக்கும். அதுதான் அந்தக் கடகட. வண்டி இழுக்காததுக்கும் அதுதான் காரணம்."

"அப்ப நெருப்பு முன்னாடியே வருதா?"

"அப்படித்தான் சத்தம் சொல்லுது. ஆனா நெருப்பு வர்ற நேரத்தை, அதான் டைமிங்கை, ரெண்டு தடவை பாத்துட்டேன். வெள்ளைப் புள்ளி முள்ளுக்கு நேரா, கொஞ்சம்கூட விலகாம நிக்குது. அதுல தப்பே இல்லை."

வெள்ளைப் புள்ளி.

சில்வண்டு தன் கால் விரல்களைப் பார்த்தாள். ரொட்டிக்கடை வேனில் இருந்தது மெல்லிய கோடு. முடி மாதிரி. அவள் புள்ளி வைத்தது கோட்டின் மேல் இல்லை. அது ஒரு பள்ளம். கோணலான, சுண்டு விரல் நுனி போகிற பள்ளம். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"அப்ப... இனிமே என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கு இன்ஜின் தலையைக் கழட்டப் போறேன். உள்ளே கரி படிஞ்சிருக்கான்னு பாக்கணும். பழைய போல்ட்டு. ஒண்ணு ரெண்டு ஒடியலாம். ஒடிஞ்சா..." அக்கா அதை முடிக்கவில்லை. "அதுவும் சரியா வரலைன்னா டிப்போவுல பழைய வேலை இருக்கான்னு கேட்டுப் பாக்கணும்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று சில்வண்டுக்குள் ஒரு குரல் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை அக்கா. வீட்டுப்பாடம் இருக்கு."

வீடுவரை ஓடினாள். சுவைத்துக்கொண்டிருந்த மிட்டாய் இப்போது தொண்டையில் குறுக்கே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்று மாலை அவள் பேசவே இல்லை. அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே! வீடு ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை.

ஒருவேளை அந்தப் பள்ளம் சரியான இடமாகவே இருக்கலாம். அப்படியானால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒருவேளை அக்காவே கண்டுபிடித்துவிடலாம். அப்படியானாலும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி, துணியை மடித்துப் பிரித்த அக்காவின் கை ஞாபகத்துக்கு வந்தது. நிம்மதி போய்விட்டது.

'அக்கா திட்டுவாங்களா?' என்று யோசித்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டாமல், அம்மா பேசினாளே அந்த மாதிரி மெதுவாக, 'உன்னை நம்பித்தானே பக்கத்துல நிக்க விட்டேன்' என்று கேட்டுவிட்டால்? அதற்குத்தான் அவளுக்குப் பயம்.

சனிக்கிழமை காலை, பல்கூட சரியாகத் துலக்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள்.

தவளை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அக்கா நீளமான ஸ்பானரை முதல் போல்ட்டில் மாட்டி, காலை ஊன்றிக்கொண்டு இழுக்கப் போனாள்.

"அக்கா, நிறுத்துங்க!"

அக்கா திடுக்கிட்டாள். "என்னடி, பாம்பா?"

"புள்ளி! அந்த வெள்ளைப் புள்ளி நான் வச்சது!"

அதன் பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. பிரஷ், பள்ளம், அப்பாவின் வெள்ளை மை, அக்காவின் கண் வலிக்கக் கூடாது என்று நினைத்தது, அசத்த நினைத்தது, நேற்றே தெரிந்தும் சொல்லாமல் ஓடியது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கடைசியில் குரல் கீச்சென்று உடைந்தது.

அக்கா ஸ்பானரைப் போல்ட்டிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அஞ்சு நாள்" என்றாள். "அஞ்சு நாளா எனக்குச் சரியா தூக்கமே இல்லை. என் காதுதான் கெட்டுப் போச்சோ, எனக்கு இந்த வேலை வராதோன்னு..."

சில்வண்டின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவது சொட்டு மூக்கு வழியாக வந்தது.

அக்கா கையிலிருந்த துணியை நீட்டினாள். சில்வண்டு துடைத்துக்கொண்டாள். மூக்கில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

"சரி, அழுதது போதும். முதல்ல உன் புள்ளி தப்பான இடத்துல இருக்கான்னு தெரிய வேண்டாமா? இப்பவே பாத்துடலாம்."

அக்கா முதல் பிளக்கைக் கழற்றினாள். அந்தத் துளையில், பழச்சாறு குடிக்கிற நீளமான ஸ்ட்ரா ஒன்றை இறக்கினாள்.

"இதோட நுனி பிஸ்டன் தலைமேல உக்காந்திருக்கு. விரல் வச்சு லேசா பிடிச்சுக்கோ. நான் இன்ஜினைக் கையால சுத்தறேன். ஸ்ட்ரா ஏறும். எப்ப ஏறுறதை நிறுத்துதோ அப்ப சொல்லு."

"உள்ளே விழுந்துட்டா?"

"மேல் முனை வளைஞ்சிருக்கு பாரு, விழாது."

அக்கா ஸ்பானரால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். சில்வண்டின் விரல்களுக்கு நடுவே ஸ்ட்ரா உயிருள்ளது போல மேலே வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளியிலிருந்து பார்க்க முடியாத ஒன்று, இரும்புக்குள்ளே ஏறி வருவதை அவள் விரல் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏறுது... ஏறுது... நின்னுடுச்சு! அக்கா, நின்னுடுச்சு!"

"இதுதான் உச்சி. இப்ப கோடு முள்ளுக்கு நேரா இருக்கணும். உன் புள்ளி எங்கே இருக்கு?"

இருவரும் குனிந்தார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டது.

வெள்ளைப் புள்ளி முள்ளைத் தாண்டி ஒரு விரல் தூரம் போயிருந்தது.

அக்கா முள்ளுக்கு நேர் கீழே இருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினாள். பிறகு கம்பி பிரஷால் தேய்த்தாள். கறுப்புப் பிசுக்குக்கும் துருவுக்கும் அடியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று எட்டிப் பார்த்தது.

"இதோ இருக்கான் நிஜ ஆளு" என்றாள் அக்கா. அவள் குரலே மாறிவிட்டது. "நீ புள்ளி வச்சது எவனோ எப்பவோ சுத்தியலால தட்டின வடு. நிஜக் கோட்டுக்கு முன்னாடியே அது முள்ளுகிட்ட வந்துடுது, அதான் நெருப்பும் முன்னாடியே வந்துது. நானும் ஒரு முட்டாள். அழகா ஒரு புள்ளி தெரிஞ்சதும் அப்படியே நம்பிட்டேன். சத்தம்தான் இவ்வளவு தெளிவா சொல்லிச்சே, இந்த ஸ்ட்ராவை முதல் நாளே போட்டிருக்கணும். எனக்குத் தோணலை பாரு."

"அப்ப பாதி தப்புதான் என்னோடதா?"

"முக்கால்" என்றாள் அக்கா. ஆனால் சிரித்துவிட்டாள்.

அம்மாவிடம் சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது. ஒரு தடவை சொன்ன பிறகு வாய்க்குப் பழகிவிடுகிறது போலும். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சில்வண்டை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவையும் சில்வண்டையும் கூட்டிக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

"அன்னிக்கு அப்படிக் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே" என்றாள்.

"அட, விடுங்க. வண்டில ஏறுங்க முதல்ல" என்றாள் அக்கா. நிஜக் கோட்டை வைத்து டைமிங்கைத் திருத்தி முடித்திருந்தாள். அவளும் முன்னால் ஏறிக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டி ஏற்றம். பாதி தூரம். அம்மா அழுத்தி மிதித்தாள். பின் சீட்டில் அப்பா சில்வண்டின் கையைப் பிடித்துக்கொண்டார், பிடிக்க வேறு எதுவும் கிடைக்காமல்.

கடகட இல்லை.

தவளை ஒரு தம் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. ஒரு சைக்கிளைத் தாண்டியது. ஒரு லாரியைக்கூடத் தாண்டியது. லாரி நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது மாடி வீட்டு மாமா கீழே வாசலில் நின்றார். ரொட்டிக்கடைக்காரர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா காரை நிறுத்தியதும் மாமா கிட்டே வந்தார்.

"என்ன, சத்தத்தைக் காணோம்? வேற மெக்கானிக் பாத்தாரா?"

"இவதான் பாத்தா" என்றாள் அம்மா, அக்காவைக் காட்டி.

"கெடுத்ததும் அவங்கதான், சரி பண்ணினதும் அவங்கதான். அப்படித்தானே?" மாமா ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "என்னதான் கோளாறு?"

அக்கா காரிலிருந்து இறங்கினாள். ஒரு நொடி சில்வண்டைப் பார்த்தாள்.

"டைமிங் அடையாளம் இடம் மாறியிருந்துது. பழைய வண்டி, எத்தனையோ கை பட்டிருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். அக்கா அதோடு விட்டுவிட்டாள். அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று சில்வண்டுக்குப் புரிந்தது. இப்போது பேசாமல் வீட்டுக்குள் போய்விடலாம். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

ஆனால் மாமா தலையை ஆட்டிய விதத்தை அவள் பார்த்தாள். 'எனக்குத் தெரியாதா' என்கிற ஆட்டல். ரொட்டிக்கடைக்காரர் வேனின் சாவியைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்.

சில்வண்டு காரிலிருந்து குதித்தாள்.

"மாமா, அடையாளத்தை மாத்தினது நான்! தப்பான இடத்துல வெள்ளைப் புள்ளி வச்சுட்டேன். அதை வச்சு டைமிங் பாத்ததாலதான் சத்தம் வந்துது. அக்கா எதையும் கெடுக்கலை. பெட்ரோல் பாத்தாங்க, பிளக் பாத்தாங்க, கார்புரேட்டர் பாத்தாங்க, ஒரு வாரமா பாத்தாங்க. ஸ்ட்ரா போட்டுக் கண்டுபிடிச்சாங்க!"

"ஸ்ட்ராவா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"பழச்சாறு ஸ்ட்ரா. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். பிஸ்டன் உச்சிக்கு வந்தா ஸ்ட்ரா நின்னுடும். உங்களுக்குத் தெரியுமா மாமா?"

மாமாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"நீயா புள்ளி வச்சே?" என்றார். "அப்ப நான் இந்த வாரம் பூரா..." அவர் ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரரும் அவரைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"போங்க மாமா நீங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அக்காவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, வேனுக்கு இன்னிக்கு நேரம் இருக்குமா? நேத்து போன கடைக்காரன் பிரேக்கைப் பாக்கச் சொன்னா ஹாரனை மாத்தி வச்சிருக்கான்."

"உடனே கொண்டாங்க" என்றாள் அக்கா. அவள் காது மடல் மறுபடி சிவந்திருந்தது. ஆனால் இது வேறு சிவப்பு.

வேன் தெருமுனையைப் பார்த்துப் போனது. அக்கா அதன் பின்னால் நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள். அப்பா தவளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தார். பிறகு அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டார்.

மாமா மட்டும் அங்கேயே நின்றார். தொண்டையைச் செருமினார். செருப்பால் ஒரு கல்லை நகர்த்தினார்.

"ஏய் சில்வண்டு" என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தப் பொண்ணு ஸ்கூட்டர் பாப்பாளா? என் ஸ்கூட்டர்ல ரொம்ப நாளா ஒரு கிரீச்."

"பாப்பாங்க மாமா. சத்தம் எப்ப வருது? கிளம்பும்போதா, திரும்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா?"

மாமா வாயைத் திறந்தார். மூடினார். வானத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிற மாமா முதல் தடவையாக யோசித்தார்.

சில்வண்டு வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மெதுவாகச் சொல்லட்டும், அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.